அத்தியாயம் 6: ஊருக்கு ஒரு சைக்கிள் கிளப்

சைக்கிள் வாங்குவது, பராமரிப்பது, தனியாக ஓட்டிப் பழகுவது எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தாயிற்று. இனி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓட்டுவது. சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே கிளப்புகள் இருக்கின்றன, போய்ச் சேர்ந்துகொள்ளலாம். புதுக்கோட்டை மாதிரியான ஊரில் நீங்களே ஒன்றைத் தொடங்கி நடத்துவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. எடுத்துக்காட்டுகளும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தே வரும். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும்போதே ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். விடிகாலையில் பால் கேன் மாட்டிக்கொண்டு போகிறவர், டிபன் கேரியரை ஹேண்டிலில் தொங்கவிட்டு வேலைக்குப் போகும் கொத்தனார், அரசு கொடுத்த சைக்கிளில் அஞ்சு கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளை. இவர்களுக்கு ஒரு உபயோகமும் இல்லாத கிளப், ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போகிற கூட்டமாகவே நின்றுவிடும். அதில் தவறில்லை, டீயும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு வழிகாட்டி நூல் தேவையில்லை.

தொடங்குவதற்கு முன்

1. ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஆண்கள் கூட்டம் என்று ஊரில் பேர் விழுந்துவிடும். அப்புறம் எந்த வீட்டிலும் பெண்களை அனுப்ப யோசிப்பார்கள்.

2. முதல் வாரமே ஊரில் உள்ள சைக்கிள் கடைக்காரரைப் போய்ப் பாருங்கள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில பத்துப் பேர் கிளம்புறோம். சனிக்கிழமை சாயங்காலம் வண்டியக் கொண்டாந்தா ஒரு பார்வை பாத்துத் தருவீங்களா?" என்று கேளுங்கள். காசு கொடுத்துத்தான். பின்னால் சொல்லப்போகும் பள்ளி முகாமுக்கு அவர்தான் தலைவர்.

3. எந்தச் சைக்கிளும் வரலாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். கியர் வண்டி, கேரியர் வைத்த பழைய வண்டி, பள்ளி வண்டி, எதுவானாலும் சரி. கட்டாயம் மூன்றுக்குத்தான்: இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். ஹெல்மெட் வாங்க முடியாதவர்களுக்காகக் கிளப் பணத்தில் நாலைந்து வாங்கி வையுங்கள். டி-ஷர்ட் அச்சடிக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அந்தக் காசை இதற்குத் திருப்பிவிடுங்கள்.

4. வாட்ஸப் குழுவில் தேதி, நேரம், வழி, தூரம் மட்டும். காலை வணக்கப் படங்களுக்கு வேறு குழு ஆரம்பித்துக்கொள்ளட்டும்.

5. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வாங்காமல் சேர்க்காதீர்கள். போனில் "சரி" என்று சொன்னது போதாது.

வழி பார்த்து வைப்பது

புதுக்கோட்டையைச் சுற்றி நல்ல இலக்குகள் நிறைய உண்டு. சித்தன்னவாசல் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். குடுமியான்மலையும் திருமயமும் 20 கிலோமீட்டர் சுற்றளவில். நார்த்தாமலையும் அதே கணக்குத்தான், ஆனால் திருச்சி நெடுஞ்சாலையில் போக வேண்டும். குவாரி லாரிகளும் உண்டு. புது ஆட்களோடு அங்கே போகாதீர்கள். முதல் ரைடுக்குச் சித்தன்னவாசல் பொருத்தமானது. ஒன்று மட்டும்: காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் குகைக் கோயில் திறந்திருக்காது. ஓவியம் பார்க்கும் ஆசையோடு வருகிறவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே நின்று உங்களைத் திட்டுவார்கள்.

வழியை மேப்பில் பார்த்தால் மட்டும் போதாது. இருவர் முந்தைய வாரம் அதே நேரத்தில் சைக்கிளில் போய்ப் பார்த்து, இவற்றைக் குறித்து வாருங்கள்:

- தார் விளிம்பு எங்கெல்லாம் மண்ணைவிட உயரமாக நிற்கிறது. அஞ்சு சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே ஆபத்து.
- வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகள்.
- நாய்கள் கூட்டமாக இருக்கும் தெருமுனைகள்.
- காலையிலேயே திறக்கும் டீக்கடை, குடிதண்ணீர், பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை. மூன்றாவது இல்லாத வழியை விட்டுவிடுங்கள்.
- சாலையோரம் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டிருக்கிறார்களா. வெட்டிய ஒரு வாரத்துக்கு அந்த ஓரத்தில் போகிற டயரெல்லாம் பஞ்சர்தான்.

தை, மாசியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நெல்லுக்கும் அதுதான் மரியாதை.

ரைடு நாள்: வரிசை

1. வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். மார்கழி, தையில் ஆறரை ஆகும். அதற்கு முன்னால் கிளம்ப வேண்டியிருந்தால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாத வண்டியை வரிசையில் சேர்க்காதீர்கள். செல்போன் டார்ச் விளக்காகாது.

2. கிளம்புமுன் ஒவ்வொருவரும் தன் வண்டியில் மூன்றைப் பார்க்க வேண்டும்: டயரைக் கட்டைவிரலால் அமுக்கினால் லேசாகத்தான் அமுங்க வேண்டும், இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளினால் நகரக் கூடாது, முன்சக்கரத்தை முழங்காலுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினால் அது தனியே சுழலக் கூடாது.

3. பெயர், ரத்த வகை, வீட்டு எண், எடுத்துக்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கடைசியாக வருபவரின் பையில் வையுங்கள். போனில் இருந்தால் பூட்டைத் திறக்க முடியாது.

4. முன்னால் வழி தெரிந்த ஒருவர். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர். பம்பும் பஞ்சர் சாமானும் முதலுதவிப் பையும் அவரிடம். கடைசி ஆளை எந்தக் காரணத்துக்காகவும் யாரும் பின்னால் விட்டுப் போகக் கூடாது. பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரித்து நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். பேருந்து முந்தி உள்ளே வர அந்த இடம் வேண்டும்.

5. இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தோடு ஒட்டக் கூடாது. சைக்கிள் பந்தயத்தில் அப்படிப் போவதைப் பார்த்துவிட்டுச் செய்ய நினைப்பவர்கள் உண்டு. உரசினால் விழுவது முன்னால் இருப்பவர் அல்ல, பின்னால் வந்தவர்.

6. வேகம் மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம். கலவையான கூட்டத்தில் அது மணிக்கு 14, 15 கிலோமீட்டர் இருக்கும். வேகக்காரர்களுக்கு இது கசக்கும். அவர்களுக்கு வேறு ஏற்பாட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

7. குழி வந்தால் முன்னால் போகிறவர் "குழி!" என்று கத்திக் கையால் காட்ட வேண்டும்; ஒவ்வொருவரும் பின்னால் கடத்த வேண்டும். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் "வண்டி!" என்று குரல் கொடுக்க, அது முன்னே போகும். இரண்டே சொல், அதற்கு மேல் வேண்டாம்.

8. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். கோடையில் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நிறுத்தும்போது தாரை விட்டு முழுதாக இறங்கி நில்லுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*விளிம்பிலிருந்து மேலே ஏறுவது.* கூட்டமாகப் போகும்போது நடக்கும் விழுதல்களில் இதுதான் மோசமானது. பேருந்துக்கு வழிவிட மண்ணில் இறங்கியவர், ஓட்டிக்கொண்டே தார் விளிம்பை ஒட்டிச் சாய்வாக மேலே ஏற்றப் பார்ப்பார். முன்சக்கரம் விளிம்பில் உராய்ந்து திரும்பாது, உடல் மட்டும் வலது பக்கம் சாயும், ஆள் நடுச்சாலையில் விழுவார். இறங்கிவிட்டால் நிறுத்துங்கள். பின்னால் பார்த்து, வண்டியைத் தூக்கி மேலே வைத்து ஏறுங்கள்.

*முன் பிரேக்கை மட்டும் பிடிப்பது.* இறக்கத்தில் பதறி வலது கையை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற. இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக.

*நின்ற பேருந்தை இடது பக்கம் முந்துவது.* இறங்குகிறவர் உங்கள் மேல்தான் இறங்குவார்.

*நாயைக் கண்டு மிதிப்பது.* வேகமாக ஓடுவதைத்தான் அது துரத்தும். வேகத்தைக் குறையுங்கள், விடாமல் வந்தால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

*துப்பட்டா, வேட்டி, லுங்கி.* செயின் கவர் இருந்தாலும் பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சிடச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

1. முதலில் சாலை. இருவர் இருபுறமும் கொஞ்ச தூரம் தள்ளி நின்று வண்டிகளை மெதுவாக வரச் செய்யுங்கள். மற்றவர்கள் தாரை விட்டு இறங்கட்டும்.
2. விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைக்காதீர்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் அசைக்கவே கூடாது. மூச்சு சரியாக இருக்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.
3. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம்.
4. ஒருவர் மட்டும் 108ஐ அழைக்கட்டும். ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள்.
5. வீட்டுக்குத் தகவல் சொல்வதும் ஒருவர்தான். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அங்கே இன்னொருவர் மயங்கி விழுவார்.

உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. செலவுக்கும் வழி உண்டு: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில், நிர்ணயித்த வரம்புவரை அரசே பணம் கட்டுகிறது. உங்கள் ஊரில் எந்தெந்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிச் சைக்கிள் முகாம்

கிளப் ஊருக்காக ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஏதாவது அரசு மேல்நிலைப் பள்ளியின் சைக்கிள் நிறுத்தத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசும் வண்டிகள், காற்றில்லாமலே ஓட்டி டியூப் மடிந்த வண்டிகள், ஒரு பக்கப் பெடலுக்குப் பதில் வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகள். புது வண்டி கொடுக்க அரசு இருக்கிறது. அதை ஓடும்படி வைத்திருக்க யாரும் இல்லை.

ஐ.நா. சபை 2018இல் ஜூன் 3ஐ உலக சைக்கிள் தினமாக அறிவித்தது. அன்று பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பதைவிட, பள்ளி திறக்கும் அந்தச் சமயத்தில் முதல் முகாமை வைத்தால் கோடையெல்லாம் வீட்டில் வெயிலில் நின்ற வண்டிகளுக்கு உயிர் வரும்.

*இரண்டு வாரம் முன்*

1. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உடற்கல்வி ஆசிரியரைக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். மாணவர்களை வரிசையில் நிறுத்த அவரால்தான் முடியும்.
2. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு: பெயர், வகுப்பு, என்ன குறை. முந்தின நாளே எழுதி ஹேண்டிலில் கட்டச் சொல்லுங்கள்.
3. சீட்டுகளை எண்ணிப் பார்த்து, எத்தனை பிரேக் கட்டை, எத்தனை கேபிள், எத்தனை டியூப், வால் டியூப் வேண்டும் என்று கணக்கிடுங்கள். கடைக்காரரிடம் மொத்தமாக எடுத்து, மீந்ததைத் திருப்பிக்கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். டியூப் அளவை டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும், கண்ணளவு கூடாது.
4. மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி. "சேவைதானே அண்ணே" என்று ஓசியில் இழுக்காதீர்கள். ஊருக்கு இலவசம் என்பது அவருக்கு நட்டம் என்று ஆகிவிட்டால் அடுத்த முகாமுக்கு அவர் வரமாட்டார், வரவும் வேண்டியதில்லை.

*அன்றைக்கு*

நாலு இடமாகப் பிரியுங்கள்: காற்றும் பஞ்சரும், பிரேக், செயின், நட்டு-போல்ட். மெக்கானிக் ஒரே இடத்தில் உட்காராமல் சுற்றிவரட்டும். சிக்கலான வண்டிதான் அவர் கைக்குப் போக வேண்டும்.

பிரேக்கில் பெரும்பாலும் கட்டை மாற்றுவதும் கேபிளை இழுத்து முடுக்குவதும்தான். மாற்றிய பிறகு கட்டை ரிம்மின் மேல் முழுதாக உட்கார்கிறதா பாருங்கள். டயரில் உரசினால் ஒரே மாதத்தில் டயர் கிழியும்.

செயினை நடுவில் விரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர், சற்றுக் கூடுதலாகத் தொங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும். பின்சக்கர நட்டுகளை இருபுறமும் தளர்த்தி, சக்கரத்தைச் சமமாகப் பின்னால் இழுத்து முடுக்க வேண்டும்; ஒரு பக்கம் கூட இழுத்தால் சக்கரம் கோணி ஃபோர்க்கில் உரசும். எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, பிறகு துணியால் துடைப்பு. இருசக்கர வண்டிக் கடையில் கிடைக்கும் வேஸ்ட் ஆயிலை ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது. அது மண்ணைப் பிடித்து அரைக்கும், சொட்டி ரிம்மில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

மிதிக்கும்போது சுற்றுக்கொரு தடவை 'டக்' என்று சத்தம் வந்தால் காட்டர் பின் தளர்ந்திருக்கும். இது மெக்கானிக் வேலை. சுத்தியலை மாணவரிடம் கொடுக்காதீர்கள். பெடல் மாட்டும்போது ஒன்று: வலது பெடல் வழக்கம்போல் வலஞ்சுழியாக இறுகும், இடது பெடல் இடஞ்சுழியாகத்தான் இறுகும். இது தெரியாமல் பலத்தைக் காட்டினால் புரி போய்விடும், கிராங்கையே மாற்ற வேண்டிவரும்.

பஞ்சர் ஒட்டுவதை மட்டும் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். வண்டிக்காரப் பிள்ளையே செய்ய வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வரிசை இது:

1. முதலில் வால்வைச் சோதியுங்கள். காற்றடித்து, அதன் வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா? வந்தால் பஞ்சரே இல்லை, வால் டியூப் போயிருக்கிறது. ரப்பரை மாற்றினால் தீர்ந்தது.
2. சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லிவரால் நெம்பி, டியூபை வெளியே உருவுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் டியூபில் புது ஓட்டை விழும்.
3. டியூபில் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் சிறிது சிறிதாக அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தைக் குறியுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் சுற்று முழுவதும் பார்க்க வேண்டும். கருவேல முள் மேலே நுழைந்து கீழேயும் குத்தியிருக்கும்.
4. நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போக வேண்டும்.
5. சொல்யூஷனை மெல்லியதாகத் தடவிக் காத்திருங்கள். விரல் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம். ஈரத்தோடு பேட்ச் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அந்த ஒட்டு மறுநாள் பெயரும்.
6. பேட்ச் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.
7. டியூபை உள்ளே விடுமுன் டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் தடவுங்கள். வெறும் விரலால் அல்ல. முள்ளின் முனை உள்ளே நின்றால் துணி மாட்டும். இந்தப் படியை விட்டவர்கள் வீடு போய்ச் சேருமுன் மறுபடி இறங்கித் தள்ளுவார்கள்.
8. லேசாகக் காற்றடித்துக்கொண்டு டியூபை உள்ளே வையுங்கள். வால்வு நேராக நிற்கட்டும். டயரைக் கையாலேயே உள்ளே தள்ளி முடித்து, முழுக் காற்று.

முடிந்த ஒவ்வொரு வண்டியையும் அந்தப் பிள்ளை மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அனுப்புங்கள். ட்யூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளுக்கு அந்தச் சின்னத் துண்டு பெரிய காவல்.

குறிப்பு: கிளம்பும்போது ஒரு பம்பையும் ஒரு பஞ்சர் பெட்டியையும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முகாமில் நன்றாகச் செய்த இரண்டு பிள்ளைகளிடம், ஒரு மாணவி ஒரு மாணவன், பொறுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தருவது

புதுக்கோட்டையில் இதற்கு ஒரு பெரிய முன்கதை உண்டு. 1991இல் மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்; பிள்ளையை முன் பாரில் உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். பார் வைத்த வண்டியில் பெண் எப்படி ஏறுவாள் என்று யாராவது உங்களிடம் கேட்டால் அவர்களைப் பார்த்து ஏறக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம்.

உங்கள் கிளப்புக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு பள்ளி மைதானம், நாலு சைக்கிள், கற்றுத்தர இரண்டு பெண்கள், மாலை ஒரு மணி நேரம். வேடிக்கை பார்க்கும் கூட்டம் சேராத மூலை.

1. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்வரை சீட்டை இறக்குங்கள்.
2. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலின் புரியை மறக்க வேண்டாம்.
3. உட்கார்ந்தபடி கால்களால் தரையை உந்தி நடக்கட்டும். பிறகு எட்டு வைத்து உந்தட்டும். பார்வை சக்கரத்தில் அல்ல, தூரத்து மரத்தில்.
4. இப்போதே பிரேக். நிறுத்தத் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.
5. ஐந்தாறு நொடி கால் தூக்கி உருள வந்ததும் பெடலை மாட்டுங்கள். வலது பெடலை முன்பக்கம் மேலே வைத்து ஒரு மிதி, அவ்வளவுதான்.
6. திரும்புவது, ஒரு கையை எடுத்து ஓட்டுவது, பின்னால் பார்ப்பது. இவை வராமல் சாலைக்கு வரக் கூடாது.
7. முதல் நாலைந்து முறை சாலையில் போகும்போது கிளப்பிலிருந்து இருவர் முன்னும் பின்னும்.

கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து, சொல்லாமல் கையை விடும் பழைய முறை வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை விழுந்தால் எழுந்துவிடும். நாற்பது வயதில் விழுந்தால் மணிக்கட்டு முறியும், அதைவிட, மறுநாள் வரமாட்டார்கள். கணவரும் மகனும் கற்றுத்தர வருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள். புடவையில் வருகிறவர்களைச் சுடிதார் போட்டு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். செயின் கவர் முழுதாக உள்ள வண்டியைக் கொடுத்து, கொசுவத்தைச் சற்று ஏற்றிச் செருகச் சொன்னால் போதும்.

மனு கொடுப்பது

வாரம் தவறாமல் சாலையில் போகிறவர்கள் நீங்கள். எங்கே விளக்கு எரியவில்லை, எந்த வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இல்லை, பேருந்து நிலையத்தில் சைக்கிள் நிறுத்த இடம் ஏன் இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். தனி மனுவைவிட அதற்குக் கனம் கூட.

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. எட்டுக் கோரிக்கை எழுதினால் எட்டுத் துறைக்கு அலைந்து ஒன்றும் நடக்காது. இடத்தை அடையாளத்தோடு எழுதி, பகலில் எடுத்த படம் ஒன்றும் இரவில் எடுத்த படம் ஒன்றும் வையுங்கள். ஒப்புகைச் சீட்டின் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று முன்பே விசாரித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பேரணி கேட்டு வந்தால்

வருவார்கள். போதை ஒழிப்பு, கண்தானம், வாக்காளர் தினம் என்று எதற்கும் சைக்கிள் பேரணி கேட்பார்கள். வருடத்துக்கு ஒன்றுக்குச் சம்மதியுங்கள். காவல் நிலைய அனுமதி அழைத்தவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடியசைக்க வருபவர் தாமதமானால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் கிளம்பிவிடுவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பணம்

முதல் வருடம் சந்தா வேண்டாம்; செலவு வரும்போது பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு நோட்டு, ஒருவர் எழுத இன்னொருவர் கையெழுத்து. நன்கொடை வரத் தொடங்கினால் பொருளாகக் கேளுங்கள்: டியூப், பிரேக் கட்டை, ஹெல்மெட். பணமாகவே வாங்கும் நிலை வந்தால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தலைவரின் சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்கத் தொடங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சண்டை நிச்சயம்.

வேகக்காரர்களுக்கு

கூட்டத்தில் இரண்டு மூன்று பேருக்குக் கால் ஊறும். அவர்களுக்குப் பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டம் இருக்கிறது. போட்டி இல்லை, நேர வரம்பு மட்டும்: 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடக்கிறது. சென்னையிலும் கோவையிலும் நடத்துகிறார்கள். அதற்கான பயிற்சியைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவர்களில் ஒருவரை முறைவைத்துக் கடைசி ஆளாகப் போடுங்கள். பஞ்சர் பையும் முதலுதவிப் பையும் தூக்க நல்ல காலும் நல்ல மூச்சும் வேண்டும்.